மாத்துச் சீட்டு

வேலம்பாளையம்
5 ஜூன் 2025

நித்யஸ்ரீ மேடம் அவர்களுக்கு,

மூன்று வருடம் அக்கா என்று கூப்பிட்ட வாயால் இப்போது மேடம் என்கிறேன், பழகிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயிலை அடைத்துவிட்டீர்கள். போனில் என் எண்ணையும் அடைத்துவிட்டீர்கள். தபால்காரரை அடைக்க முடியாது என்பதால் உங்கள் குன்னத்தூர் வீட்டுக்கு இதை அனுப்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை உங்கள் அப்பா என் முன் ஒரு தாளை வைத்தார். ‘மே 14 அன்று அச்சான மாத்துச் சீட்டில் இடுப்பு அளவின் மாற்றம் தெளிவாக இருந்தது, கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன் அதைப் படிக்காமல் இழுபடும் இடுப்புப் பட்டிக்கான ரிப் துணியை வெட்டிவிட்டார்.’ கீழே என் பெயர், கையெழுத்துக்குக் காலி இடம். ஆர்டர் கொடுத்த டென்மார்க் பையருக்குப் போகும் காரணக் கடிதத்தோடு இணைக்க வேண்டுமாம். போட மாட்டேன் என்றேன். “அப்ப நீயும் கெளம்பு கண்ணு” என்றார். கண்ணு என்று கொஞ்சிக்கொண்டே வேலையை விட்டு அனுப்புவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போகட்டும், என் வேலை எனக்குப் பெரிதில்லை. அதற்கு முந்தின நாள் நோட்டீஸ் போர்டில் மாஸ்டர் பெயரை ஒட்டினீர்களே, ‘கவனக்குறைவால் தவறான அளவில் ரிப் வெட்டிய’ என்று, அதை யாரோ போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திருப்பூரில் கட்டிங் வேலைக்கு ஆள் எடுக்கும் அத்தனை பேர் போனிலும் இப்போது அந்தப் படம் இருக்கிறது. மூன்று யூனிட்டில் போய்க் கேட்டுவிட்டார். மூன்றிலும் பெயரைக் கேட்டதும் ஆள் நிரம்பிவிட்டதாம். முப்பது வருடமாகக் கத்தி பிடித்தவர்.

பையர் இப்போது இடுப்பு லூஸ் என்று திருப்பிவிட்ட குழந்தை பேண்ட் இருக்கிறதே, அந்த ஆர்டரை இரண்டு முறை அனுப்பினான், முதலில் ஏப்ரலில், பிறகு திருத்தி மே 12 அன்று. என்ன திருத்தினான் என்று சொல்ல மாட்டான், முழுக் கோப்பையும் திரும்ப அனுப்புவான். அதனால்தான் இரண்டையும் ஒப்பிட்டு மாறியதை மட்டும் எடுத்துத் தரும் புரோகிராமை எழுதினேன். அதிலிருந்து வரும் தாளுக்கு மாத்துச் சீட்டு என்று பெயர் வைத்ததே கட்டிங் ஆட்கள்தான். அந்தச் சீட்டில் ‘மாற்றம் இல்லை’ என்று இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இப்போது சீட்டைக் காணோம். மாஸ்டர் கிழித்துவிட்டார் என்கிறார் உங்கள் அப்பா. நாங்கள் இரண்டு பேரும் ‘தெக்கத்தி ஆளுக’, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோமாம். எங்கள் பூர்வீக ஊரான சங்கரன்கோவிலுக்கும் மாஸ்டரின் முதுகுளத்தூருக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது அவருக்குச் சொல்லுங்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த இரண்டு கோப்பையும் போட்டுப் புரோகிராமை இன்னொரு முறை ஓட்டுங்கள்.

நதியா


குன்னத்தூர்
9 ஜூன் 2025

அன்புள்ள நதியா,

உன் கோபம் புரிகிறது. ஆனால் கோபத்தில் எழுதிய கடிதத்துக்குக் கோபத்தில் பதில் எழுதக் கூடாது என்று நான்கு நாள் பொறுத்தேன்.

உன் எண்ணை நான் அடைக்கவில்லை. அப்பா என் போனை வாங்கி அவராகவே செய்தார். முப்பது வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பையர் ஒரு காரணம் கேட்கிறான். சிஸ்டம் தவறு என்று எழுதினால் கம்பெனி முழுவதையும் ஆடிட் செய்வான், முந்நூறு பேர் வேலை தொங்கும். ஓர் ஆள் தவறு, அந்த ஆளை எடுத்துவிட்டோம் என்றால் அத்தோடு முடிந்துவிடும். மாஸ்டருக்கும் பங்கு இல்லாமல் இல்லை. வெட்டுவதற்கு முன் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவ்வளவு அனுபவம் உள்ளவர் கேட்டிருக்க வேண்டாமா?

கோப்பை வெளியே அனுப்ப முடியாது, அது பையருடையது. ஓட்டிப் பார்க்கச் சொல்கிறாய். மே மாதம் என்ன சொன்னது என்று ஜூனில் எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்லலாம். நீயே உள்ளே ஏதாவது மாற்றி வைத்திருக்கலாம் என்று தரணீதரன் சொல்கிறான். சித்தப்பா மகன், அப்பா அவன் பேச்சைத்தான் கேட்கிறார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு கண்ணு. உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
நித்யா


வேலம்பாளையம்
12 ஜூன் 2025

நித்யஸ்ரீ மேடம்,

‘மே மாதம் சொன்னது ஜூனில் எப்படித் தெரியும்?’ மூன்று வருடத்தில் நீங்கள் கேட்ட நல்ல கேள்வி இதுதான். தரணீதரனும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கட்டும்.

பையர் அனுப்புகிற எக்ஸ்எம்எல் கோப்பு ஒரு மரம். ஆர்டர்தான் அடிமரம். அதிலிருந்து கலர், துணி, லேபிள், அளவு என்று கிளைகள். அளவு என்ற கிளையில் இடுப்பு, தொடை, கால் நீளம் என்று இன்னும் சிறு கிளைகள். வரிக்கு வரி ஒப்பிட்டால் ஆகாது. ஓர் இடைவெளி கூடினாலே எல்லா வரியும் மாறிவிட்டதாக அலறும். என் புரோகிராம் கிளைக்குக் கிளை பார்க்கும். பழைய மரத்தில் ஒன்று, புதிய மரத்தில் அதற்கு நேரான ஒன்று, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்கும். ஒன்றென்றால் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும். இல்லையென்றால் என்ன மாறியது என்று குறித்துக்கொண்டு, கீழே உள்ள கிளைகளிடமும் அதே கேள்வியைக் கேட்கும். கிடைத்ததையெல்லாம் ஒரே பட்டியலாகக் கோத்துத் தரும். நுனிவரை அந்த ஒரே கேள்விதான்.

இதை ஃபங்ஷனல் முறையில் எழுதினேன். அப்படி என்றால், கொடுத்ததைப் பார்க்கும், பதில் சொல்லும், வேறு எதையும் தொடாது. பழைய கோப்பில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாது. இன்றைக்கு என்ன தேதி என்று பார்க்காது, நேற்று என்ன சொன்னோம் என்று நினைவும் வைத்திருக்காது. முதலாளி ஓட்டினாலும் வாட்ச்மேன் ஓட்டினாலும் அதற்கு ஒன்றுதான். மே 14 அன்று கொடுத்த அதே இரண்டு கோப்பை இன்று கொடுத்தால், அன்று சொன்னதை அப்படியே சொல்லும். சீட்டைக் கிழிக்கலாம், பதிலைக் கிழிக்க முடியாது. நான் ஏதாவது மாற்றியிருந்தால் கடைசியாகத் திருத்திய தேதி புரோகிராம் கோப்பின் மேலேயே இருக்கும். மார்ச் 11 என்று இருக்கும், பாருங்கள்.

எப்படி ஓட்டுவது என்றும் சொல்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்தால் கடைசி வரியில் மூன்று பெயர்கள் வரிசையாக நிற்கும்: ஒப்பிடு, வடிகட்டு, அச்சிடு. ஒன்று தருவதை அடுத்தது வாங்கிக்கொள்ளும். முதலில் அப்படியே என்டர் தட்டுங்கள். பிறகு நடுவில் இருக்கும் வடிகட்டு என்பதை மட்டும் அழித்துவிட்டு இன்னொரு முறை தட்டுங்கள்.

இரண்டாவது முறை என்ன வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தவறு என்னுடையதாக இருந்தால் போர்டில் என் பெயரை ஒட்டுங்கள். உயரமாக ஒட்டுங்கள், எல்லோருக்கும் தெரியட்டும்.

நதியா


குன்னத்தூர்
16 ஜூன் 2025

நதியா,

ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் யாரும் இல்லாதபோது.

முதல் முறை: மாற்றம் இல்லை.

நடுப்பெயரை அழித்தபின் நான்கு பக்கம் வந்தது. பெரும்பாலும் தேதியும், திருத்தியவன் பெயரும். மூன்றாம் பக்கத்தில் இது இருந்தது: இடுப்பு ரிப், பாதிச் சுற்று 26 செ.மீ., அளக்கும் முறை ‘இயல்பாக’ என்பது ‘இழுத்து’ என்று மாறியிருக்கிறது.

எண் மாறவே இல்லை. 26 அப்படியே 26. ரிப்பைச் சும்மா வைத்து 26 என்று முதலில் கேட்டிருக்கிறான். பிறகு இழுத்துப் பிடித்து 26 வந்தால் போதும் என்று திருத்தியிருக்கிறான். நாம் பழையபடி வெட்டியதால்தான் பேண்ட் குழந்தை இடுப்பில் நிற்காமல் கழன்று விழுந்தது.

அந்தக் குறிப்பைத் தூக்கி எறிந்தது உன் வடிகட்டி. ஆகவே தவறு உன்னுடையது. இதை அப்பாவிடம் நான் காட்டவில்லை. காட்டினால் உனக்கும் வெளியில் வேலை கிடைக்காது. மாஸ்டர் கேட்டிருந்தாலும் நான் அந்தச் சீட்டைத்தானே காட்டியிருப்பேன்? அவர் ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். இதை இத்தோடு விட்டுவிடு.

நித்யா


வேலம்பாளையம்
19 ஜூன் 2025

நித்யா அக்கா,

ஆமாம். தவறு என்னுடையது.

கோப்பில் ஒவ்வொரு கிளைக்கும் ஓரத்தில் சின்னக் குறிப்புகள் உண்டு. யார் எழுதியது, எப்போது, எந்த முறையில் அளப்பது என்றெல்லாம். மார்ச் 11 அன்று நீங்கள் வந்து, “சீட்டு நாலு பக்கம் வருது கண்ணு, யாரு படிக்கறது? ஒரு பக்கத்துக்குள்ள அடக்கிக் குடு” என்றீர்கள். நான் ஓரக் குறிப்பு அத்தனையையும் ஒரே வீச்சில் வடிகட்டிவிட்டேன். தேதியும் போயிற்று, அளக்கும் முறையும் போயிற்று. பனியன் ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இழுத்து அளப்பதும் சும்மா அளப்பதும் ஒன்றில்லை என்று இங்கே செக்கிங் மேசையில் நிற்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புத்தி அப்படியே பழகிவிட்டது, என்ன செய்ய. ஒன்பதாம் தேதி: ‘அவர் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.’ பதினாறாம் தேதி: ‘மாஸ்டர் கேட்டிருந்தாலும்.’ ஏழு நாளில் ‘கேட்கவில்லை’ எப்படி ‘கேட்டிருந்தாலும்’ ஆனது?

மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது தெருதான். அவர் மனைவி ராக்கம்மாள்தான் பொறுக்க முடியாமல் சொன்னார். மே 16, வெள்ளிக்கிழமை. மாஸ்டர் வெட்டிய முதல் ரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறார். “ஆறு மாசப் புள்ளைக்கு இம்புட்டு இடுப்பா? பையர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்கம்மா” என்றிருக்கிறார். நீங்கள் சீட்டை எடுத்துக் காட்டி, “சீட்டுல ஒன்னுமே இல்லீங்க மாஸ்டர். வெட்டுங்க” என்றீர்கள்.

ஏன் இதை முதலாளியிடம் சொல்லவில்லை என்று மாஸ்டரைக் கேட்டேன். “அந்தப் புள்ள அப்பன் முன்னாடி தலையைக் குனிஞ்சு நின்னுச்சு. அதுவா சொல்லுமின்னு இருந்தேன்” என்றார்.

புரோகிராம் பார்க்காததை அவர் கண் பார்த்தது. கேட்கவும் செய்தார். அவரைத்தான் கவனக்குறைவு என்று போர்டில் ஒட்டியிருக்கிறீர்கள். ஊருக்குப் போய் இருக்கட்டும் என்கிறீர்கள். அவர் ஏன் போக வேண்டும்? எங்கேயும் போக மாட்டார். நானும் விட மாட்டேன்.

நதியா


குன்னத்தூர்
24 ஜூன் 2025

நதியா,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். உன் மேல் வந்த ஆத்திரத்தில் கிழித்துப் போடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டில் பெண்ணாகப் பிறந்து பார், பிறகு பேசு.

பையர் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த மெர்ச்சண்டைசிங் மேசை எனக்குச் சும்மா கிடைத்ததா? ஐந்து வருடம் கேட்டேன். “பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கண்ணு இந்தத் தலவலி” என்றார் அப்பா. தரணீதரனுக்கு என்றே அந்த நாற்காலியை வைத்திருந்தார். ஒரு தவறு செய்தால் போதும், அன்றைக்கே அவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் என்னை உட்கார வைத்தார். ஐந்து சீசன் ஒரு பீஸ் திரும்பி வரவில்லை. அப்புறம் இது. அப்பா எல்லோரையும் கூப்பிட்டு, “யாரு வெட்டச் சொன்னது?” என்று கேட்டபோது என் நாக்கு எழவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பயம் நதியா, வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

சீட்டை எடுத்ததும் நான்தான். அப்பா கிழிக்கவில்லை, மாஸ்டரும் கிழிக்கவில்லை. அது என் அலமாரியில் புடவைக்கு அடியில் இருக்கிறது.

நேற்று அப்பாவை உட்கார வைத்து இரண்டு முறையும் ஓட்டிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்ப மாஸ்டர் மேல தப்பில்ல. சரி, அந்தப் புள்ள நதியா பேரைப் போட்டு அனுப்பிப்போடு. அதுதான் போயாச்சே” என்றார். மாஸ்டரைக் கூட்டிவர டிரைவரையும் அனுப்பிவிட்டார். மே 16 அன்று நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தரணீதரன் உள்ளே வந்துவிட்டான்.

பையருக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. உன் பெயர் மட்டும் இருக்கிறது. நீயே போடச் சொன்னாய் அல்லவா? போடட்டுமா?

நித்யா


வேலம்பாளையம்
27 ஜூன் 2025

நித்யா அக்கா,

போடுங்கள். பயப்படவில்லை. நான் செய்ததை நான் செய்தேன் என்று எழுதுவதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஆனால் என் பெயர் மட்டும் என்றால் அது உண்மை இல்லை. மார்ச்சில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த அதே வேலைதான். படிக்கச் சங்கடமாக இருப்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தை அழகாக ஒரு பக்கத்தில் அச்சடிக்கிற வேலை. இன்னொரு முறை அதைச் செய்ய எனக்குத் தெம்பில்லை.

டிரைவர் வந்தார். மாஸ்டர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். “பேரு போர்டுல ஏறுச்சு. போர்டுலதான் எறங்கணும். காருல ஏத்திட்டுப் போனா அது எறங்காது” என்றார். வீட்டு வாடகைக்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனாலும் வர மாட்டார். நான் அவர் கட்சி.

நானும் வர மாட்டேன். கூப்பிட வேண்டாம். புரோகிராம் உங்களிடமே இருக்கட்டும், வடிகட்டியை மட்டும் மாற்றுங்கள். ஓரக் குறிப்பு எல்லாவற்றையும் எறியாமல், தேதி, திருத்தியவர் பெயர் என்ற இரண்டை மட்டும் எறியச் சொல்லி இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதியிருக்கிறேன். ஒப்பிடு, அச்சிடு இரண்டையும் தொட வேண்டியதில்லை. சீட்டு இனி இரண்டு பக்கம் வரும். உட்கார்ந்து படியுங்கள்.

பயம் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இன்றைக்கு மறுபடி அக்கா என்று எழுதுகிறேன். அதற்குமேல் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. மாஸ்டர் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார், நீங்களாகச் சொல்வீர்கள் என்று.

நதியா


குன்னத்தூர்
3 ஜூலை 2025

நதியா,

திங்கட்கிழமை காலை ஷிப்ட் ஏறும் நேரத்தில் போர்டுக்குப் போனேன். பழைய நோட்டீஸை எடுக்கவில்லை. அதன் பக்கத்திலேயே புதியதை ஒட்டினேன். அதே லெட்டர்ஹெட், அதே எழுத்து, அதே வாக்கியம். இரண்டே இடத்தில்தான் மாற்றம். ‘வெட்டிய’ என்பது ‘வெட்டச் சொன்ன’ என்று ஆகியிருந்தது. ‘கட்டிங் மாஸ்டர் பெரியகருப்பன்’ என்று இருந்த இடத்தில் ‘மெர்ச்சண்டைசர் நித்யஸ்ரீ கிட்டுசாமி’ என்று இருந்தது. கீழே மாத்துச் சீட்டையும் குத்தினேன். சீட்டில் குறிப்பை வடிகட்டியது நதியா, வடிகட்டச் சொன்னது நான் என்று கையால் எழுதினேன். பையருக்கும் இதையேதான் அனுப்பினேன். ஆடிட்டுக்கு வந்தால் வரட்டும்.

முதலில் யாரும் பக்கத்தில் வரவில்லை. பிறகு செக்கிங் குப்பாயி வந்து படித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்துப் படம் பிடித்தாள். அதற்கப்புறம் வரிசையாக எடுத்தார்கள். பதினோரு மணிக்கு அந்தப் படம் அப்பா போனுக்கே வந்துவிட்டது.

எல்லோர் முன்னாலும் வந்து நின்றார். “எடு” என்றார்.

“எடுக்க மாட்டேனுங்கப்பா” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. “எடுக்கலீன்னா இன்னைக்கே உன்ற மேசை தரணிக்கு” என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்த அன்று தரையைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, இந்த முறை அப்பா முகத்தைத்தான் பார்த்தேன்.

“மேசைய எடுத்துக்கங்க. நோட்டீசு அங்கயே இருக்கட்டும்” என்றேன்.

அவர் கையை ஓங்கவில்லை, கத்தவில்லை. திரும்பிப் போய்விட்டார். மூன்று நாளாக வீட்டில் என்னோடு பேச்சில்லை. மேசையில் தரணீதரன் உட்கார்ந்திருக்கிறான். நான் வீட்டில் இருக்கிறேன். ஐந்து வருடம் கேட்டு வாங்கியது போய்விட்டது, அழுதேன், மறைக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்குத் திரும்பப் போக முடிந்தாலும் அதையேதான் செய்வேன்.

மாஸ்டர் நேற்று வந்தாராம், குப்பாயி போனில் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நோட்டீஸையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்திருக்கிறார். பிறகு தன் பெயர் இருந்ததை மட்டும் கிழியாமல் பிரித்து எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். தரணீதரன் ஓடிவந்து, “அதை எதுக்குங்க எடுக்கறீங்க, கம்பெனி பேப்பருங்க” என்றானாம். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டிங் மேசைக்குப் போய், “அந்தப் புள்ளைய எங்க? அது வந்து சொன்னாத்தான் கத்தி எடுப்பேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

இன்று காலையும் நிற்கிறார். அவரோடு கட்டிங்கில் பதினான்கு பேரும் நிற்கிறார்கள். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. என்னைக் கூட்டிவர அப்பா அனுப்பியிருக்கிறார். நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்து இதை முடிக்கிறேன்.

உன் அக்கா,
நித்யா